ஏலதாரர் எண் நான்கு

இணையத்தில் ஏலம் கேட்டு ஒரு பொருளை வாங்குவதென்றால் பர்சானாவிடம் போ என்று பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில், மாடியில், புவனேஸ்வரி நடத்திய பிரவுசிங் சென்டரில் அவள் வேலை பார்த்தாள். பிள்ளைகளுக்கு ரிசல்ட் பார்த்துக் கொடுப்பது, சவுதியிலும் துபாயிலும் இருக்கிற கணவன்மாருக்குப் பெண்கள் சொல்லச் சொல்ல மெயில் அடிப்பது, பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புவது, இதுதான் வேலை. ஏலம் அவளாகக் கற்றுக்கொண்டது.

முதலில் தனக்கு ஒரு செல்போன் எடுத்தாள். அடுத்து, கீழே இருந்த போட்டோ ஸ்டுடியோக்காரருக்கு ஒரு டிஜிட்டல் கேமரா. அதை விற்றவர் கேமராவின் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்திருந்தார். சரியான பெயரைப் போட்டுத் தேடியவர்கள் கண்ணில் அது படவே இல்லை. பர்சானா வேண்டுமென்றே தப்பும் தவறுமாக அடித்துத் தேடிப் பார்க்கிறவள். போட்டிக்கு ஆளில்லாமல் ஆரம்ப விலைக்கே எடுத்துக் கொடுத்தாள். அதிலிருந்துதான் அவள் பேர் பரவியது.

இதே மாதிரிப் பொருள் போன மாதம் என்ன விலைக்குப் போனது என்று முதலில் பார்ப்பாள். எவ்வளவு வரைக்கும் போகலாம் என்பதை ஏலம் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்து உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். சூடு ஏறிய பிறகு எடுக்கிற முடிவு உருப்படாது என்பாள். ஐயாயிரம், பத்தாயிரம் என்று முழுத் தொகையாகக் கேட்க மாட்டாள். எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள், நாம் கொஞ்சம் மேலே நின்றால் போதும். எல்லாவற்றையும் விட முக்கியம், கடைசி வரைக்கும் சத்தம் காட்டக் கூடாது.

"நமக்கு அது வேணும்னு அடுத்தவனுக்குத் தெரியாத வரைக்கும்தான்க்கா அது சல்லிசு" என்று புவனேஸ்வரியிடம் சொல்வாள்.

அவள் கணவன் உபைத் சவுதியில், தம்மாமில், ஏழு வருஷம் கனரக வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். துறைமங்கலத்தில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்ஷாப் வைத்திருந்தான். இருவரும் லெப்பைக்குடிக்காட்டுக்காரர்கள். அங்கே பெரிய குடும்பத்துக்குள் இருப்பதைவிட பெரம்பலூரில் ஒரு வாடகை வீடு போதும் என்று வந்துவிட்டார்கள்.

அந்த வருஷம் ஆவணி மாதம் உபைத் ஒரு செய்தியோடு வந்தான். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை தன் பழைய எட்டு டன் கிரேனை விற்கிறது. ஆலை வாசலில் நின்று கேட்கிற ஏலம் இல்லை. சென்னைக் கம்பெனி ஒன்று இணையத்தில் நடத்தும் ஏலம். வண்டியைப் பார்வையிட விட்ட நாளில் அவன் போய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"இன்ஜின் தங்கம் மாதிரி இருக்கு பர்சானா. கயிறு சுத்துற வின்ச்சுல மட்டும் வேலை இருக்கு. அதை நானே பாத்துக்குவேன். நாலு வழி ரோடு போட்டுக்கிட்டிருக்கான், தெனம் ஒரு லாரி கவுருது. ஒரு கிரேன் கையில இருந்தா போதும்."

"ரோட்டுல கொளஞ்சி இருக்காரே மச்சான்."

தொழுதூரிலிருந்து பாடாலூர் வரைக்கும் நெடுஞ்சாலையில் எந்த வண்டி கவிழ்ந்தாலும் கொளஞ்சியின் கிரேன்தான் தூக்கும். போலீஸ் வருவதற்கு முன்னால் அவர் கிரேன் வந்து நிற்கும். அவர் சொன்னதுதான் கூலி. போன வருஷம் வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு கிரேனைக் கொண்டுவந்து சிறுவாச்சூரில் நிறுத்தினார். ஒரு வாரத்துக்குள் அதன் கண்ணாடி முழுக்க நொறுங்கிக் கிடந்தது, இரும்புக் கயிறு அறுபட்டிருந்தது, டிரைவர் கை உடைந்து திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். யார் செய்தார்கள் என்று டிரைவர் கடைசி வரை சொல்லவில்லை. கிரேன் வந்த வழியே போய்விட்டது.

இதெல்லாம் தெரிந்தும் பர்சானா சம்மதித்தாள். உபைத் மறுபடியும் சவுதிக்குப் போகிற பேச்சை எடுக்காமல் இருக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் சேமிப்போடு அவளுடைய நகையும் சேர்ந்தது. மூன்று லட்சத்து எட்டாயிரத்து நானூறு வரைக்கும் போவது என்று முடிவு செய்தார்கள். முன்பணம் கட்டிப் பதிவு செய்ததும் உபைத்துக்கு ஒரு எண் வந்தது. ஏலத்தில் யாருக்கும் யார் பேரும் தெரியாது, எண் மட்டும்தான் திரையில் வரும். அவன் ஏலதாரர் எண் நான்கு.

"இங்க என் சென்டர்ல ஒக்காந்து கேக்காதீங்க" என்றாள் பர்சானா. "பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் கொளஞ்சியோட ஆளுங்க. அரியலூர் போயிடுங்க, அங்க ஒங்கள யாருக்கும் தெரியாது. முடியுற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீங்க. மத்தவங்க அடிச்சுக்கட்டும். கடைசி நேரத்துல மட்டும் உள்ள வாங்க."

இந்த ஏலத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. முடிகிற நேரத்துக்கு ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது விலையை ஏற்றினால் மேலும் ஐந்து நிமிஷம் நீளும். கடைசி நொடியில் பாய்ந்து எடுக்கிற வித்தை இதில் பலிக்காது. "ஆளுங்க சலிச்சுப் போறதுதான் இதுல கடைசி நொடி மச்சான். அவசரப்படாதீங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சமா ஏத்துங்க. நூத்துல முன்னூறுல முடிங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

ஏலத்தன்று காலை உபைத் அரியலூர் பஸ் ஏறினான். பர்சானா பழக்கதோஷத்தில் உச்ச விலையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாடிப்படியில் கனமான செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் ருத்ராட்சம். கொளஞ்சி. அவருக்குப் பின்னால் புவனேஸ்வரி வாயெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"இந்தப் பொண்ணுதான்ணே. கைராசிக்காரி. எந்த ஏலமா இருந்தாலும் பாதி விலைக்கு எடுத்துக் குடுத்துடும்."

கொளஞ்சி நாற்காலியை இழுத்து பர்சானாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேஜையில் வைத்தார். அதில் ஏலக் கம்பெனியின் பேரும், நுழைவதற்கான பாஸ்வேர்டும், ஒரு எண்ணும் இருந்தன. ஏலதாரர் எண் இரண்டு.

"ஆடிட்டர் ஆபீஸ்ல போட்டுத் தர்றேன்னான். அவன் இன்னைக்கு ஆளைக் காணோம். நீ போடு பாப்பா."

பர்சானா தாளை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். "எனக்குக் காலையிலேருந்து தலைவலிண்ணே. அக்கா, நீங்க கொஞ்சம் பாக்குறீங்களா?"

"எனக்கு இதெல்லாம் எங்கடி தெரியும்?" என்றாள் புவனேஸ்வரி.

கொளஞ்சி சாவகாசமாகத் திரும்பி பர்சானாவைப் பார்த்தார். "ஏன், எனக்குப் போட மாட்டியா?"

அதை அவர் மிரட்டலாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு ஒரு வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்தார். பர்சானா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அவளுடைய செல்போன் பைக்குள் இருந்தது. பை அறையின் மறுகோடியில் ஆணியில் தொங்கியது. எழுந்து போய் எடுத்தால் ஏன் என்று கேட்பார். உள்ளங்கை ஞாபகம் வந்ததும் விரல்களை மடக்கி மவுஸின் மேல் கவிழ்த்துக்கொண்டாள்.

திரையில் கிரேனின் படம் வந்தது.

"எவ்வளவு வரைக்கும் போகலாம்ணே?"

"மூணு. மூணு லட்சத்துக்கு மேல அந்த டப்பாவுக்கு ஒரு பைசா கெடையாது. எனக்கு ஒண்ணும் அது வேணும்னு இல்ல. வேற எவன் கைக்கும் போயிடக் கூடாது, அவ்வளவுதான்."

இப்போது இரண்டு பக்கத்து உச்ச விலையும் அவளுக்குத் தெரியும். சொன்னபடி செய்தால் உபைத் எட்டாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்துவிடுவான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இது தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இப்போது அவன் ஜெயிக்கிறபோது இந்த மனிதரின் முழங்கை அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

"எப்படிப் போட்டா கம்மியா எடுக்கலாம்? நீதான் கெட்டிக்காரியாச்சே, சொல்லு."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பின்னால் தெரிந்துபோனால் என்ன ஆகும் என்ற நினைப்பு அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. உண்மையையே சொன்னாள். "இப்பவே போட வேணாம்ணே. மத்தவங்க கேக்கட்டும். கடைசியில உள்ள போகலாம். ரவுண்டா போடாம, நூறு முன்னூறு சேத்துப் போட்டா நல்லது."

கொளஞ்சி சிரித்தார். "அதெல்லாம் பயந்தவன் பண்ற வேலை. நான் கேக்குறேன்னு தெரிஞ்சா எவனும் வாயத் தொறக்க மாட்டான். போடு, ரெண்டு லட்சம்."

"பேரு தெரியாதுண்ணே. ரெண்டாம் நம்பர்னு மட்டும்தான் வரும்."

"அப்ப நான் இங்க ஒக்காந்திருக்கேன்னு எவனுக்கும் தெரியாதா?"

"தெரியாதுண்ணே."

அவர் முகம் மாறியது. ஆலை வாசல் ஏலங்களில் அவர் வெறுமனே போய் நின்றால் போதும், மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்று உபைத் சொல்லியிருந்தான். திரைக்குள் அவரால் நிற்க முடியவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை பர்சானா பக்கவாட்டில் பார்க்காமலேயே உணர்ந்தாள்.

ஏலம் தொடங்கியது. எண் ஒன்று கேட்டது, எண் ஐந்து கேட்டது. கொளஞ்சி பொறுமையில்லாமல் இருபதாயிரம் இருபதாயிரமாக ஏற்றச் சொன்னார். இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தில் எண் ஒன்று நின்றுவிட்டது. இரண்டரையைத் தாண்டியதும் எண் ஐந்தும் ஓய்ந்தது. இரண்டு லட்சத்து அறுபத்தைந்தாயிரத்தில் கொளஞ்சி தனியாக நின்றார். எண் நான்கு இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"பாத்தியா?" என்றார் கொளஞ்சி. "முடிஞ்சுது."

முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது திரையில் ஒரு வரி புதிதாக ஏறியது. ஏலதாரர் எண் நான்கு, 2,70,300.

கொளஞ்சி எழுபத்தைந்து போடச் சொன்னார். போட்டாள். கடிகாரம் ஐந்து நிமிஷம் நீண்டது. அது தேய்ந்து வந்து முடிகிற நேரத்தில் எண் நான்கு மறுபடியும் வந்தது. 2,76,300. கொளஞ்சி எண்பத்தைந்து போட்டார். மறுபடி நீண்டது, மறுபடி வந்தது. 2,86,300.

எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தபடியே இருந்தது. கொஞ்சம்கூட மாற்றமில்லாமல்.

கொளஞ்சி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். "முன்னூறு. முன்னூறு. முன்னூறு." விரலால் ஒவ்வொன்றையும் தொட்டார். "கடைசி நிமிஷம் வரைக்கும் வாயத் தொறக்கல. ரவுண்டா போடல. நீ சொன்னதையேதான் செய்றான் இவன்."

"நெறைய பேரு அப்படித்தான்ணே போடுவாங்க."

"ம்" என்றார். அப்புறம் செல்போனை எடுத்தார். அவள் பக்கத்திலேயே, குரலைக்கூடத் தாழ்த்தாமல் பேசினார். "டேய், ஆலை வேலையா போனீங்களே, இன்னும் அரியலூர்லயா இருக்கீங்க? அங்க எத்தனை பிரவுசிங் சென்டர் இருக்கு? ஒவ்வொண்ணா ஏறிப் பாருங்க. கிரேன் படத்தை வெச்சுக்கிட்டு எவன் ஒக்காந்திருக்கான்னு பாருங்க. வெளியூர்க்காரன் இந்த டப்பாவுக்கு இவ்வளவு நேரம் நிக்க மாட்டான். பக்கத்து ஆளுதான் எவனோ. பெரம்பலூர்ல ஒக்காந்தா எனக்குத் தெரிஞ்சுடும்னு அங்க வந்திருப்பான்."

போனை வைத்துவிட்டு அவளிடம் திரும்பினார். "இப்ப போடாத. நீ சொன்ன மாதிரியே செய்வோம். கடைசி நிமிஷத்துல போடு. அவங்க தேடிப் பாக்க டைம் வேணும்ல."

திரையின் மூலையில் கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. அரியலூர் சின்ன ஊர். கடைத்தெருவில் ஒரு சென்டர், பஸ் ஸ்டாண்டில் ஒன்று, ரயிலடி போகிற வழியில் ஒன்று. உபைத் எதில் இருக்கிறான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. எழுந்து பையை எடுக்கலாம், பாத்ரூம் என்று சொல்லலாம் என்று நினைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. சிறுவாச்சூர்க் கிரேன் டிரைவரின் கை ஞாபகத்துக்கு வந்தது. யா அல்லாஹ், மச்சானை அங்கேருந்து எந்திரிச்சுப் போக வை. கிரேன் வேணாம். ஒண்ணும் வேணாம்.

"இப்ப போடு. எம்பத்தேழு முன்னூறு. நாமளும் முன்னூறே போடுவோம்."

அவள் போடாமல் இருந்திருக்கலாம். லைன் கட்டாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அந்தக் காலத்தில் லைன் அடிக்கடி கட்டாகத்தான் செய்தது. பின்னால் பல நாள் அவள் இதை யோசித்திருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் விரல் தானாக எண்களைத் தட்டியது. 2,87,300. எண் இரண்டு மேலே ஏறியது. கடிகாரம் மறுபடி ஐந்து நிமிஷம் நீண்டது.

இனி உபைத் கேட்க வேண்டும். அவனிடம் இன்னும் இருபதாயிரத்துக்கு மேல் இடம் இருக்கிறது. அவன் கேட்காமல் இருக்க மாட்டான்.

நான்கு நிமிஷம். மூன்று. எண் நான்கு வரவில்லை. அவன் கடைசி நிமிஷத்தில்தான் வருவான் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு நிமிஷம். ஒன்று. அவன் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணமே அவளிடம் இல்லை. ஒரே ஒரு வரி வந்தால் போதும், அவன் அந்த நாற்காலியில் நலமாக உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். திரையை இமைக்காமல் பார்த்தாள். எதுவும் வரவில்லை. ஏலம் முடிந்தது என்று சிவப்பு எழுத்து வந்தது. ஏலதாரர் எண் இரண்டு.

கொளஞ்சியின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "அப்படியா? நீங்க பின்னாடி போய் நின்னதும் கிரிக்கெட் ஸ்கோர் பாத்தானா? நல்லது, நல்லது."

"அவரை என்ன பண்ணீங்க?"

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று பர்சானாவுக்குத் தெரிந்தது. அறையின் கோடியில் இருந்த புவனேஸ்வரி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கொளஞ்சி போனைக் காதிலிருந்து எடுத்தார். "எவரை?"

அதற்கு மேல் மறைக்க அவளிடம் தெம்பு இல்லை. "எங்க வூட்டுக்காரரை. அவருதான் நாலாம் நம்பர். அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்கண்ணே."

அவர் போனில், "டேய், அவன் மேல கைய கிய வெச்சீங்களா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு அணைத்தார். "ஒருத்தரும் தொடல. பின்னாடி நின்னானுங்க, அவ்வளவுதான்."

மவுஸின் மேல் கவிழ்ந்திருந்த அவள் கையை அவர் கவனித்தார். "அது என்ன எழுதியிருக்க? காட்டு."

பர்சானா கையை விரித்தாள். வியர்வையில் மை கலங்கியிருந்தாலும் எண்ணைப் படிக்க முடிந்தது.

"மூணு எட்டு நானூறு" என்று வாசித்தார். "எனக்கு மேல எட்டாயிரம். நான் மூணுக்கு மேல போக மாட்டேன்னு ஒனக்குத் தெரியும். இருந்தும் ஒன் புருசனுக்கு எதிரா நீயே போட்ட. ஏன்?"

"நீங்க பக்கத்துல ஒக்காந்திருந்தீங்களேண்ணே."

அந்தப் பதில் அவருக்குப் புதிதில்லை போலத் தலையை ஆட்டினார். எழுந்து நூறு ரூபாய்த் தாளை மேஜையில் வைத்தார். "துறைமங்கலத்துல ஒர்க்ஷாப் வெச்சிருக்கானே, அவன்தான? ரோட்டுப் பக்கம் வரக் கூடாதுன்னு சொல்லு." செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

பர்சானா பையிலிருந்து செல்போனை எடுத்து உபைத்துக்குப் போன் செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி, மறுபடி. புவனேஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "எனக்குத் தெரியாதுடி. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒன்கிட்ட கூட்டிட்டு வந்திருப்பேனா?" என்று அழுகிற குரலில் சொன்னாள். பர்சானா இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

அரியலூர் பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில் நின்றாள். ஒரு பஸ் வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், உபைத் இல்லை. அடுத்ததிலும் இல்லை. தொடவில்லை என்று கொளஞ்சி சொன்னது பொய்யாக இருந்தால்? உண்மையாக இருந்து, அதற்குப் பிறகு ஏதாவது நடந்திருந்தால்? வெள்ளைச் சட்டை போட்ட ஒவ்வொரு ஆளும் தன்னைப் பார்ப்பது போலிருந்தது. பொழுது சாய ஆரம்பித்தபோது வந்த பஸ்ஸிலிருந்து கடைசி ஆளாக உபைத் இறங்கினான். சட்டை கசங்காமல் இருந்தது. கைகள் இரண்டும் முழுசாக இருந்தன. அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"ரயில்வே ஸ்டேஷன்ல ஒக்காந்திருந்தேன்" என்றான். "அங்கதான் கூட்டம் இருந்துச்சு. போனை வாங்கி நம்பர் பாத்துடுவானுங்களோன்னு ஆஃப் பண்ணிட்டேன்."

"அடிச்சாங்களா மச்சான்?"

"இல்ல. ரெண்டு பேரு வந்தானுங்க. ஒவ்வொரு கம்ப்யூட்டரா எட்டிப் பாத்தானுங்க. நான் படக்குன்னு ஸ்கோர மாத்திட்டேன். என்ன பாக்குறேன்னு கேட்டான். மேட்ச்சுன்னேன். போயிடுவானுங்கன்னு நெனச்சேன். என் நாற்காலியப் புடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னானுங்க. மூச்சுக் காத்து கழுத்துல பட்டுச்சு. நேரம் முடியுற வரைக்கும் போகல."

"கடைசியா ஒங்களுக்கு மேல போட்டது நான்தான் மச்சான்."

உபைத் நடந்துகொண்டே இருந்தான். "தெரியும். ரெண்டாம் நம்பரு அவ்வளவு நேரம் ரவுண்டா போட்டுட்டு, திடீர்னு முன்னூறுல போட்டுச்சு. நீ கொளஞ்சிகிட்ட மாட்டிக்கிட்டேன்னு அப்பவே நெனச்சேன். அவனுங்க வரலேன்னாலும் நான் மேல போட்டிருப்பேனான்னு தெரியல."

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் அவர்கள் சரியாகத் தூங்கவில்லை. ஒர்க்ஷாப் வாசலில் லாரி நின்றால் உபைத் எழுந்து நின்றுவிடுவான். சென்டரின் படியில் சத்தம் கேட்டால் பர்சானா தட்டுவதை நிறுத்திவிடுவாள். ஏலம் எடுத்துக் கொடுப்பதையே விட்டுவிட்டாள். யாராவது கேட்டால் கண் வலி என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததுதான் தாங்க முடியாமல் இருந்தது. உபைத் மெல்ல சவுதி பேச்சை எடுத்தான். விசாவுக்கு ஒரு ஏஜென்டைப் பார்த்துவிட்டும் வந்தான்.

அன்றைக்குத்தான் பர்சானா மறுபடி தேட ஆரம்பித்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்து சர்க்கரை ஆலையின் கிரேன் ஒன்று ஏலத்துக்கு வந்திருந்தது. ஏல நாள் போகிப் பண்டிகையன்று. பழைய வண்டி வியாபாரிகள் யாரும் அன்றைக்குத் திரையின் முன்னால் உட்கார மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"வேணாம் பர்சானா" என்றான் உபைத். "ஒனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. கிரேன் இருந்தாலும் பயமாத்தான் இருக்கு, இல்லாட்டியும் பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் பயப்படுவோமே மச்சான். ஆக்சிடென்ட் வண்டியத் தொட வேணாம். போர்வெல் மோட்டார் தூக்கலாம், சுரங்கத்துல மெஷின் ஏத்தி எறக்கலாம்."

லெப்பைக்குடிக்காட்டில் அவள் அண்ணி ஹஃபீசா வீட்டில் புதிதாக இணையம் வந்திருந்தது. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். எதிரே ஒரே ஒரு எண்தான் நின்றது. அவள் ஏற்ற ஏற்ற அதுவும் ஏற்றியது. அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி அவளை விடவில்லை. அவள் இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து முன்னூறு கேட்டதும் அந்த எண் நின்றுவிட்டது. கிரேன் உபைத்துக்கு வந்தது.

மாத முடிவில் அதை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பர்சானா தானும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறி, ஓட்டிய உபைத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆத்தூர் வழியாக வேப்பந்தட்டை வந்து பெரம்பலூருக்குள் நுழைந்தார்கள். துறைமங்கலம் போக நான்கு ரோட்டைத் தாண்ட வேண்டும். நான்கு ரோட்டில்தான் கொளஞ்சியின் கொட்டகை. சுற்றிப் போக வழியில்லை.

கொளஞ்சி வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கிரேனைப் பார்த்ததும் எழுந்து ரோட்டுக்கு வந்து கையைக் காட்டினார். உபைத் பிரேக்கை மிதித்தான்.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். பர்சானா உட்கார்ந்திருந்த பக்கம் வந்து நின்று தலையைத் தூக்கினார். "எவ்வளவுக்கு எடுத்த?"

"ரெண்டு முப்பத்தொண்ணு."

கொளஞ்சி திரும்பித் தன் கொட்டகையைப் பார்த்தார். அங்கே சிமென்ட் ஆலைக் கிரேன் நின்றுகொண்டிருந்தது. அதன் வின்ச் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது, சுற்றிலும் புல் முளைத்திருந்தது. "எனக்கு ரெண்டு எம்பத்தேழு" என்றார். கோபமா வேடிக்கையா என்று தெரியவில்லை. பிறகு உபைத்தைப் பார்த்து, "இதை எவனும் சரி பண்ண மாட்டேங்குறான். நீ பண்ணுவியா?" என்று கேட்டார்.

"வந்து பாக்குறேண்ணே."

"ரோட்டுல விழுந்த வண்டிய நீ தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் வழியில் நின்றார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. பஸ்காரன் அவரைப் பார்த்துவிட்டு ஹாரனை நிறுத்திக்கொண்டான். அப்புறம் அவரே ஒதுங்கிக் கையை அசைத்தார். "போ."

உபைத் கியரைப் போட்டான். கொஞ்ச தூரம் போன பிறகு பர்சானா, "வேலைக்குப் போவீங்களா?" என்று கேட்டாள்.

"போகாம?"

"கூலி வாங்குவீங்களா?"

"குடுத்தா வாங்குவேன்."

அவள் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். கொளஞ்சி இன்னும் ரோட்டோரத்தில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். துறைமங்கலம் திருப்பம் வந்தது. கிரேன் மெதுவாகத் திரும்பியது. ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்தினார்கள். உபைத் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். இருவரும் ஒருமுறை ரோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.